நேர்த்திக்கு வாங்கிய கருவாடு

குகனேஸ்வரி அக்கா ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால் உள்ளே முதலில் தொலைக்காட்சி நிற்கும். பிறகு நடமாட்டம் நிற்கும். பிறகு யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது கதவுக்கு வெளியேயே தெரியும் என்று அவர் சொல்வார். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "ஆக்கள் இல்லைப் போல" என்று உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்கும்படியாகச் சொல்லிவிட்டு அடுத்த கதவுக்குப் போவார். அதற்குள் அந்த வீட்டுக்குத் தொலைபேசியில் செய்தி போயிருக்கும்.

இதைவிடப் பெரிய தண்டனை அவருக்கு இருந்திருக்க முடியாது. புதுக்குடியிருப்பிலிருந்து இத்தாலியின் பலேர்மோவுக்கு வந்த இந்தப் பதினாலு வருடத்தில் அவர் நகைக்கோ காணிக்கோ ஆசைப்பட்டதை நான் காணவில்லை. பின்னேரம் நாலு வீட்டுக்குப் போய், நாலு கதிரையில் இருந்து, நாலு விதமான தேத்தண்ணி குடித்துக் கதைக்க வேண்டும். அவ்வளவுதான். தன் வீட்டுத் தேத்தண்ணியை அவர் குடிப்பதில்லை. அதில் கதை இல்லை என்பார். அவருடைய கணவர் சாந்தரூபன் துறைமுகத்தில் சாமான் ஏற்றி இறக்குகிறவர். ஒரு நாளைக்குப் பத்துச் சொல்லுக்கு மேல் பேசாதவர். ஆகவே அதில் உண்மை இருந்தது.

கதவுகள் மூடிக்கொண்டதற்குக் காரணம் அவருடைய குணம் அல்ல, பதவி. சீசா என்ற பகுதியில் எங்கள் இரண்டு தெருக்களிலும் சேர்த்து முப்பத்தொரு தமிழ்க் குடும்பங்கள். எங்களுக்கு ஒரு ஒன்றியம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு மண்டப வாடகை, விளையாட்டுப் போட்டிக்குப் பரிசு, இப்படியான செலவுகளுக்கு ஒவ்வொருவரும் மாதச் சம்பளத்தில் நூற்றுக்கு ஒன்று கொடுக்க வேண்டும் என்பது சட்டம். குகனேஸ்வரி அக்கா இரண்டு வருடத்துக்கு முன்பு பொருளாளரானார். கூட்டத்துக்குப் பிந்தி வந்ததால் அந்தப் பதவி கிடைத்தது. அன்றிலிருந்து அவரைக் கண்டால் எல்லோருக்கும் வேலை போய்விடும். ஒருவருக்கு முதலாளி பாதிச் சம்பளம்தான் கொடுத்தார். ஒருவர் வேலைக்கே போகாமல் புதுக் கார் வாங்கியிருந்தார். எங்கள் கணக்குக் கொப்பியைப் பார்த்தால் பலேர்மோவில் எங்களைவிட ஏழைகள் இல்லை.

இதில் முதல் ஆள் பீலிக்ஸ் அண்ணை. மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு பெரிய ஹோட்டல் குசினியில் சமையல் வேலை. தனிக்கட்டை. பதினொரு வருடமாகத் தன் சம்பளம் ஒரு சதமும் ஏறவில்லை என்று அவர் சொல்லிவந்தார். அந்த ஏறாத சம்பளத்தில் இரண்டு தரம் கனடா போய் வந்தார். அவருடைய வீட்டுக்குள் இந்தப் பதினொரு வருடத்தில் எங்கள் ஆட்கள் ஒருவரும் கால் வைத்ததில்லை. கதவை நாலு விரல் அகலத்துக்குத் திறந்து, அந்த இடைவெளியில் முகத்தை வைத்துப் பேசுவார்.

பதவியை விட்டுவிடலாமே என்று ஒருநாள் யாரோ கேட்டபோது குகனேஸ்வரி அக்கா கையை விரித்தார். வாங்க ஆள் இருந்தால்தானே விடலாம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் பாலசுந்தரம் அண்ணையின் பலசரக்குக் கடையில் காசு வாங்கும் இடத்தில் இருப்பவள். அதிகம் பேச மாட்டேன். பேசாதவளுக்கு முன்னால் ஆட்கள் எல்லாவற்றையும் பேசுவார்கள்.

குகனேஸ்வரி அக்கா காலையில் வேலை செய்வது மொண்டெல்லோவில், சிஞ்ஞோரா யூலியானா என்ற இத்தாலிய அம்மாவின் வீட்டில். அந்த அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. ஓய்வு பெற்ற கணக்காளர். நாற்பது வருடம் மற்றவர்களுடைய வருமான வரிப் பத்திரங்களை எழுதிக் கொடுத்தவர். வேலையை விட்டாலும் ஒவ்வொரு ஜூன் மாதமும் வரிக் காலம் வந்ததும் அவருக்குக் கோபமும் வந்துவிடும். அந்த ஜூனிலும் வந்தது. அக்கா யன்னல் கண்ணாடி துடைத்துக்கொண்டிருக்க, அவர் காலை நீட்டிக்கொண்டிருந்து பொரிந்து தள்ளினாராம். நாற்பது வருடம் ஒரே கதிரையிலிருந்து பொய் கேட்டேன். பல் வைத்தியர் வந்து தான் பிச்சைக்காரன் என்பார், படகு வைத்திருப்பவர் வந்து தனக்கு நீந்தவே தெரியாது என்பார். நான் மட்டும் ரோமில் இருந்தால் வருமான வரியைத் தூக்கிக் குப்பையில் போடுவேன். வாங்குகிற சாமானில் மட்டும் வரி. பாணுக்கும் சட்டைக்கும் இப்போதே வரி இருக்கிறதுதானே, அதைக் கொஞ்சம் கூட்டினால் முடிந்தது. அதிகம் வாங்குகிறவர் அதிகம் கட்டுவார். உனக்கு என்ன சம்பளம் என்று ஒருவரும் ஒருவரைக் கேட்கத் தேவையில்லை. இப்படிச் சொல்கிறவர்கள் பல நாட்டிலும் இருக்கிறார்கள், செய்கிறவர்தான் இல்லை.

அக்கா துணியைக் கையில் பிடித்தபடி நின்று ஒரேயொரு கேள்வி கேட்டார். அப்படியென்றால் வரி சேர்க்கிறவர் என்ன செய்வார்?

சேர்ப்பது கடைக்காரன். அதுவரை வரி சேர்த்தவர் தன்பாட்டில் நண்பர் வீட்டில் போய்க் கோப்பி குடிக்கலாம் என்றார் சிஞ்ஞோரா.

அந்த யன்னலின் மற்றப் பாதி அன்று துடைக்கப்படவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி, வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் அக்கா நேரே கடைக்குள் வந்தார். அவர் சிரித்துக்கொண்டு வந்த விதத்தில் யாருக்கோ பிள்ளை பிறந்திருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவில் கூட்டம் நடந்தது. ஜூலை முதலாம் திகதியிலிருந்து சம்பளத்தில் நூற்றுக்கு ஒன்று என்பது இல்லை. ஒருவரும் ஒருவரிடம் சம்பளம் கேட்பதில்லை. அதற்குப் பதிலாக இந்தக் கடையில் வாங்கும் ஒவ்வொரு யூரோவுக்கும் எட்டுச் சதம், காசு வாங்கும் மேசையில் இருக்கும் பால்மாப் பேணிக்குள் போட வேண்டும். இதுதான் அக்காவின் திட்டம். பாலசுந்தரம் அண்ணை தனக்கு வியாபாரம் படுத்துவிடும் என்று முனகினார். கடை வாசலில் ஒரு நன்றிப் பலகை மாட்டுவதாகச் சொன்னதும், எழுத்து எவ்வளவு பெரிது என்று கேட்டுவிட்டுச் சம்மதித்தார்.

மிகவும் பலமாகக் கைதட்டியவர் பீலிக்ஸ் அண்ணை. இது நீதி, இதுதான் நீதி என்று இரண்டு தரம் சொன்னார்.

அப்போது யோசப்பின் என்ற பெண் எழும்பினார். யோசப்பினுக்கு நாலு பிள்ளைகள். கணவர் சார்தீனியாவுக்குப் போகும் கப்பலில் வேலை. அவர் ஒரு கையில் கடைசிப் பிள்ளையையும் மறு கையில் அதன் செருப்பையும் வைத்திருந்தார்.

"அக்கா, நான் ஆறு வயித்துக்கு வாங்கிறன். இவர் ஒரு வயிறு. அதையும் ஹோட்டல் நிரப்பி அனுப்புது. இவர் மாதத்திலை ஒரு தீப்பெட்டி வாங்கினால் பெரிய காரியம். இப்ப ஒன்றியம் என்ரை பிள்ளையளின்ரை வயித்திலையோ நடக்கப்போகுது?"

"தீப்பெட்டியும் ஹோட்டலிலை இருக்கு" என்றார் பீலிக்ஸ் அண்ணை அமைதியாக.

கடை சிரித்தது. ஆனால் யோசப்பின் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால் அரிசிக்கு வரி இல்லை என்று முடிவானது. பிறகு பால்மாவுக்கு இல்லை. பிறகு பருப்பு. இப்படியே போனால் பேணிக்குள் என்ன விழும் என்று அக்கா யோசிக்கத் தொடங்கிய நேரம், பீலிக்ஸ் அண்ணை குழந்தைப்பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இன்னொன்று கேட்டார்.

"அக்கா, சாமிக்கு வைக்கிறதுக்கு வாங்கினாலும் வரியோ?"

பாலசுந்தரம் அண்ணை நெற்றித் திருநீற்றைத் தொட்டுப் பார்த்தார். யோசப்பின் சிலுவை போட்டார். குகனேஸ்வரி அக்காவின் வீட்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் இந்த நகரத்தைக் காக்கும் புனித ரொசாலியா இருக்கிறார், இரண்டு பேருக்கும் ஒரே விளக்கு. ஒவ்வொரு செப்ரெம்பரும் நாலாம் திகதி, புனிதையின் திருநாளில், வெறுங்காலோடு அவருடைய குகைக் கோயிலுக்குப் பெல்லெக்ரினோ மலை ஏறுகிறவர் அக்கா. எங்களில் சைவம், கிறிஸ்தவ வேதம் என்ற வித்தியாசமில்லாமல் எல்லோரும் அப்படித்தான் ஏறுவோம். சாமியிடம் நூற்றுக்கு எட்டு கேட்க அவருக்கு வாய் எப்படி வரும்? நேர்த்திச் சாமானுக்கு வரி இல்லை என்று அந்த இடத்திலேயே சொன்னார். எந்தச் சாமிக்கு, என்ன சாமான் என்று ஒரு கொப்பியில் பதிந்தால் போதும். எட்டாம் வகுப்போடு நின்றவளாக இருந்தாலும் என் எழுத்து குண்டு குண்டாகத் தெளிவாக இருக்கும் என்பதால் கொப்பி என்னிடம் வந்தது.

ஜூலை மாதத்தை நான் மறக்க மாட்டேன். குகனேஸ்வரி அக்கா முதல் வாரத்திலேயே பத்தொன்பது வீட்டில் தேத்தண்ணி குடித்தார். கதவைத் தட்டினால், "காசுக்கு வரேல்லை, சும்மா வந்தனான்" என்று வெளியில் நின்றே சொல்வார். கதவு திறக்கும். முதல் சில வீடுகளில் நம்பாமல் அவருடைய கையைப் பார்த்தார்களாம், கொப்பி இருக்கிறதா என்று. இல்லை என்று கண்டதும் பலகாரத் தட்டு வந்தது. இரண்டு வருடக் கதை எல்லார் வீட்டிலும் சேர்ந்து கிடந்தது. யாருடைய மகள் காதலிக்கிறாள், யாருடைய சிஞ்ஞோரா தலைக்குச் சிவப்புச் சாயம் பூசினார், எல்லாவற்றையும் அவர் ஒரு மாதத்துக்குள் கேட்டு முடிக்க வேண்டியிருந்தது. மாடிப்படியில் அவருடைய சிரிப்பு மேலே போவதும் கீழே வருவதுமாக இருந்தது. அவ்வளவு தேத்தண்ணியும் சேர்ந்து நித்திரை வராமல் செய்ததால், அந்த மாதம் அவருடைய வீடும் பளபளவென்று இருந்ததாகச் சாந்தரூபன் அண்ணை சொன்னார். அது அவருடைய அன்றைய பத்துச் சொல்.

பீலிக்ஸ் அண்ணையின் கதவு மட்டும் அதே நாலு விரல்தான் திறந்தது. "பரவாயில்லை, மூக்கைப் பாத்தனான்" என்றார் அக்கா.

ஆகஸ்ட் பிறந்ததும் கடையில் ஆட்கள் குறைந்தார்கள். வெயிலுக்கு எல்லோரும் கடற்கரைக்குப் போய்விட்டார்கள் என்று பாலசுந்தரம் அண்ணை நினைத்தார். பல்லரோ சந்தைக்குப் போயிருந்தார்கள். அங்கே வங்காளிகளின் கடையில் மிளகாய்த்தூளுக்கு எட்டுச் சதம் கிடையாது. ஒருவரையொருவர் சந்தையில் கண்டால், பழம் வாங்க வந்தேன் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொல்வார்களாம். ஒருநாள் குகனேஸ்வரி அக்காவே அங்கே தக்காளி வாங்கப் போய், எதிரில் தலையைக் குனிந்தபடி வந்த ஒருவர் மேல் முட்டிக்கொண்டார். சாந்தரூபன் அண்ணை. பையில் இரண்டு போத்தல் தேங்காய் எண்ணெய். பொருளாளரின் புருஷன்.

"என்ன இது?" என்று அக்கா கேட்டார்.

"பழம்" என்றார் அவர்.

அக்கா அதைக் கடையில் வந்து சொல்லும்போது கோபமாகத்தான் தொடங்கினார். பழம் என்ற இடத்துக்கு வந்ததும் சிரிப்பை அடக்க முடியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

சந்தைக்குப் போகப் பஞ்சிப்பட்டவர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். அது என்னுடைய கொப்பி. ஜூலையில் அதில் நியாயமான சாமான்கள்தான் இருந்தன. கற்பூரம், தேங்காய், வெற்றிலை, மெழுகுதிரி. ஆகஸ்ட் முதல் வாரத்தில் நெய்யும் முந்திரிகைப் பருப்பும் வந்தன. சரி, பொங்கலாக இருக்கும். இரண்டாம் வாரம் நல்லெண்ணெய் பத்துப் போத்தல், சனீஸ்வரனுக்கு. ஒரே வீடு. பிறகு பிள்ளையாருக்குக் கோழிக்கறித் தூள் என்று ஒருவர் பதியச் சொன்னார். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். எழுதினேன். யோசப்பின் ஒவ்வொரு கிழமையும் இரண்டு போத்தல் ஹோர்லிக்ஸ் எடுத்தார், குழந்தை யேசுவுக்கு. உடனடி நூடில்ஸ், அந்தோனியாருக்கு. தலைக்கறுப்புச் சாயம், முருகனுக்கு. முருகன் என்றும் இளமையாக இருப்பவர் என்று எனக்குச் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. எனக்குப் பின்னால் திரும்பி, மா மூட்டையைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திரும்பவும் எழுதினேன்.

ஆகஸ்ட் கடைசியில் பீலிக்ஸ் அண்ணை வந்தார். ஹோட்டல் சாப்பாட்டில் வாய் செத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே மூன்று கிலோ கட்டாக் கருவாடு நிறுக்கச் சொன்னார். காசைக் கொடுத்தார். பேணியைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்து, ஞாபகம் வந்தவர்போல, "நேர்த்திக்குப் பிள்ளை" என்றார்.

எந்தச் சாமிக்கு என்று கேட்பது என் கடமை. கேட்டேன்.

அவர் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தார். சைவச் சாமிகள் ஒன்றும் சரிவராது என்று அவருக்கும் தெரிந்தது. சுவரில் பாலசுந்தரம் அண்ணை மாட்டியிருந்த கலண்டரில் புனித ரொசாலியா ரோசாப்பூக் கிரீடத்தோடு நின்றார்.

"அவவுக்கு" என்றார்.

எழுதினேன்: கட்டாக் கருவாடு, மூன்று கிலோ, புனித ரொசாலியா.

அந்த வாரம் பேணியைத் தூக்கினால், உள்ளே விழுந்த சதங்களைவிடப் பால்மாவே கனமாக இருந்திருக்கும் போலிருந்தது. ஆனால் குகனேஸ்வரி அக்காவை வருத்தியது பேணி அல்ல. கதவுகள் திரும்பவும் மூடிக்கொண்டன. முன்பு சம்பளத்தை ஒளித்தவர்கள் இப்போது குசினியை ஒளிக்க வேண்டியிருந்தது. கதவைத் தட்டினால் உள்ளே அலுமாரிகள் ஒவ்வொன்றாகச் சாத்தும் சத்தம் கேட்டது. பல்லரோப் பைகளும் சாமிக்கென்று பதிந்த நூடில்ஸும் மேசையில் கிடக்க, பொருளாளரை எப்படி உள்ளே எடுப்பது? ஒரு வீட்டில் கதவைத் திறக்காமல், தேத்தண்ணிக் கோப்பையை மட்டும் யன்னலால் நீட்டினார்கள். அக்கா அதை மாடிப்படியில் நின்று குடித்துவிட்டு, கோப்பையைப் படியிலேயே வைத்துவிட்டு வந்தார்.

கடைக்கு வந்தபோது அவருடைய கண் கலங்கியிருந்தது. "சம்பளத்திலை எடுத்தாலும் சாத்துறாங்கள், சாமானிலை எடுத்தாலும் சாத்துறாங்கள். எனக்கு இனி இந்தப் பலேர்மோவிலை போறதுக்கு ஒரு வீடு இல்லை, பிள்ளை" என்றார். இப்படியான நேரங்களில் நான் எதையாவது எடுத்துக் கொடுப்பேன். கையில் கொப்பிதான் இருந்தது. கொடுத்தேன்.

அவர் அரிசி மூட்டையில் இருந்து வாசிக்கத் தொடங்கினார். முதல் பக்கத்தில் நெற்றியைச் சுருக்கினார். இரண்டாம் பக்கத்தில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். கோழிக்கறித் தூளில் உதடு துடித்தது. முருகனுடைய தலைக்கறுப்பில் ஒரு சத்தம் வந்தது. கருவாட்டுக்கு வந்ததும் கொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார். அழுகிறார் என்று பாலசுந்தரம் அண்ணை தண்ணீர் எடுத்து ஓடி வந்தார். அக்கா குடித்த தண்ணீரும் மூக்கால் வந்தது. அவரைப் பார்த்து எனக்கும் தொடங்கிவிட்டது. கடையில் அப்போது நின்ற ஒரு இத்தாலியப் பெண் காரணம் தெரியாமல் எங்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு, வாங்க வந்ததை மறந்து போனார்.

சிரித்து முடிந்ததும் அவர் கலண்டரைப் பார்த்தார். பிறகு நாளை எண்ணினார். அந்த வருடம் நாலாம் திகதி ஞாயிறாக வந்தது. இன்னும் எட்டு நாள்.

அன்று பின்னேரமே ஒன்றியத்தின் வாட்சப் குழுவில் அறிவித்தல் வந்தது. அக்கா சொல்ல நான்தான் எழுதினேன். எங்கள் மக்கள் இந்த இரண்டு மாதத்தில் இவ்வளவு பக்தியோடு நேர்த்திச் சாமான் வாங்கியிருப்பது ஒன்றியத்துக்குப் பெருமை. வாங்கியதைச் சாமிக்குக் காட்டாமல் வைத்திருப்பது குடும்பத்துக்கு நல்லதல்ல. ஆகவே திருநாளன்று எல்லோரும் கொப்பியில் பதிந்த சாமான் முழுவதையும் பெல்லெக்ரினோ மலைக்குக் கொண்டுவரவும். எந்தச் சாமிக்குப் பதிந்திருந்தாலும் புனித ரொசாலியா பொறுப்பெடுப்பார். பிறகு அவரவர் சாமானை அவரவர் வீட்டில் சமைத்து, சாமிச் சாப்பாடு என்பதால் கதவைத் திறந்து வைத்து, வருகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டும். கீழே கொப்பியின் படங்கள், எல்லாப் பக்கமும், என் குண்டு எழுத்தில்.

முதலில் யோசப்பின் குழுவில் கைகூப்பும் படம் ஒன்று போட்டார். பிறகு முப்பது கைகூப்புகள். பொய்க்குப் பதிந்தேன் என்று யார் சொல்வது? மனிதருக்குச் சொன்ன பொய்யை ஒருவேளை ஒத்துக்கொள்ளலாம். இது சாமியின் பெயரில் பதிந்தது. ஒத்துக்கொண்டால் அடுத்த நாள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் அதுதான் காரணம் என்று தோன்றும்.

மறுநாள் காலை கடை திறக்க முன்னமே வாசலில் வரிசை. நெய்யும் முந்திரிகைப் பருப்பும் நூடில்ஸும் எப்போதோ தின்று முடிந்துவிட்டன. திரும்பவும் வாங்க வேண்டும். முன்னுக்கு நின்றவர் யோசப்பின்.

"எட்டுப் போத்தல் ஹோர்லிக்ஸ் தா பிள்ளை. குழந்தை யேசு குடிச்சு முடிச்சிட்டார். என்ரை வீட்டிலை நாலு குழந்தை யேசு."

நான் வழமைபோலக் கொப்பியை எடுத்தேன். எனக்குப் பின்னால் ஒரு கதிரையைப் போட்டு இருந்த குகனேஸ்வரி அக்கா கையை நீட்டி அதை மூடினார்.

"நேர்த்திச் சாமான் ஒருக்கால்தான் வாங்கிறது. அது பதிஞ்சாச்சு. இது வீட்டுச் சாமான். எட்டுச் சதம் பேணிக்கை போடுங்கோ."

யோசப்பின் மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். பிறகு வெடித்துச் சிரித்துவிட்டுப் போட்டார். அவருக்குப் பின்னால் நின்றவர்கள் சிரிக்காமல் போட்டார்கள். மூன்றாம் நாள் பேணி நிறைந்து, பாலசுந்தரம் அண்ணை பிஸ்கட் பேணி ஒன்றை எடுத்துத் தந்தார். பல்லரோவில் வாங்கலாமே என்று யாருக்காவது தோன்றியிருக்கும். ஆனால் எந்தச் சாமான், எந்தப் பெட்டி என்று கொப்பியில் நான் பதிந்திருந்தேன், மலையில் கொப்பியோடு யார் நிற்பார் என்றும் எல்லோருக்கும் தெரியும்.

நாலாம் திகதி விடிய நாங்கள் மலையடிவாரத்தில் கூடினோம். அந்தப் பழைய கல்வழி வளைந்து வளைந்து மேலே போகும். முன்னால் குகனேஸ்வரி அக்கா வெறுங்காலோடு, ஒரு ரோசாப்பூவை மட்டும் வைத்துக்கொண்டு. பின்னால் நல்லெண்ணெய்ப் போத்தல்கள், மா, சீனி, தலைக்கறுப்பு. யோசப்பின் கடைசிப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பிள்ளை வண்டியில் ஹோர்லிக்ஸைத் தள்ளினார். இரண்டு வளைவு ஏறியதும் எல்லோருக்கும் மூச்சு வாங்கியது, மூன்றாவதில் யாரோ முதலில் சிரிக்க, பிறகு சிரிப்பும் மூச்சும் ஒன்றாகிவிட்டன. சாந்தரூபன் அண்ணை இரண்டு போத்தல் தேங்காய் எண்ணெயைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். அது கொப்பியில் இல்லையே என்று நான் கேட்டேன். "பழம்" என்றார். அன்று நான் ஒரு கல்லில் இருந்து சிரித்துவிட்டுத்தான் மேலே நடக்க வேண்டியிருந்தது.

பீலிக்ஸ் அண்ணை கடைசியாக வந்தார், கனடா போன பெட்டியைத் தூக்கிக்கொண்டு. அதன் சில்லுகள் கல்லில் உருளவில்லை. பெட்டி பூட்டியிருந்தும் பிரயோசனம் இல்லை, காற்று அவர் பக்கமிருந்து வீசியது. அவருக்கு முன்னால் போன இத்தாலிய யாத்திரிகர்கள் ஒவ்வொருவராக ஒதுங்கி வழிவிட்டார்கள். அவ்வளவு கூட்டத்திலும் அவர் ஒருவருக்கு நல்ல இடம் இருந்தது.

குகைக் கோயில் வாசலில் எல்லாவற்றையும் இறக்கி வைத்தோம். கோயிலில் வேலை செய்யும் வயதான மனிதர் ஒருவர் வந்து ஹோர்லிக்ஸைப் பார்த்தார், நூடில்ஸைப் பார்த்தார், தலைக்கறுப்பை எடுத்து வாசித்தார். பெட்டிக்கு முன்னால் வந்து நின்று, என்ன இது என்று கேட்டார்.

மீன் என்றார் பீலிக்ஸ் அண்ணை, நிலத்தைப் பார்த்தபடி.

எவ்வளவோ நேர்த்திகளைக் கண்டவர் அந்தக் கோயில் மனிதர். பெரிய வருத்தம் ஏதாவது வந்து சுகமானதா என்று மரியாதையாகக் கேட்டார்.

பதில் சொன்னது குகனேஸ்வரி அக்கா, சிஞ்ஞோரா யூலியானாவிடம் பழகிய சுத்தமான இத்தாலியனில். பிறகு எங்களுக்காக அதையே தமிழிலும் சொன்னார்.

"பதினொரு வருசமா இருந்த வருத்தம். இண்டைக்குத்தான் சுகமாகுது."

பீலிக்ஸ் அண்ணையின் தோள் ஆடத் தொடங்கியது. அவர் சிரித்து நான் கண்டது அதுதான் முதல் தரம். சிரிக்கச் சிரிக்கப் பெட்டியைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. கோயில் மனிதர் ஒன்றும் விளங்காமல், ஆனால் ஒரு அற்புதம் நடந்துவிட்டது என்ற முகத்தோடு அவருடைய முதுகில் தட்டிக் கொடுத்தார்.

மத்தியானத்துக்குப் பிறகு எங்கள் இரண்டு தெருக்களிலும் ஒரு கதவும் சாத்தியிருக்கவில்லை. சாத்த முடியாது, சாமிச் சாப்பாடு. ஒரு வீட்டில் பொங்கல், ஒரு வீட்டில் நூடில்ஸ், யோசப்பின் வீட்டில் வாசலில் நின்று ஆளுக்கொரு கோப்பை ஹோர்லிக்ஸ். கீழ்த்தளத்து இத்தாலியக் குடும்பமும் தட்டோடு ஏறி வந்தது. குகனேஸ்வரி அக்கா ஒரு மாடியிலிருந்து இன்னொரு மாடிக்கு ஓடினார். ஐம்பத்துமூன்று வயதுக்காரி ஒருவர் அப்படி ஓடுவதை நான் வேறெங்கும் காணவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் கதிரையில் ஒரு நிமிடம் இருந்து பார்ப்பார், எழும்புவார், அடுத்த வீடு.

கடைசியில் எல்லோரும் பீலிக்ஸ் அண்ணையின் வாசலில் நின்றோம். கதவு முழுதாகத் திறந்திருந்தது. கருவாட்டுக் குழம்பு கொதித்தது. ஹோட்டல் குசினியில் பழகிய கை, வாசனையே ஆட்களை உள்ளே இழுத்தது. அப்போதுதான் அவர் பதினொரு வருடம் எதை மறைத்தார் என்று கண்டோம். வீட்டில் ஒரு கட்டில், ஒரு மேசை, நடுவில் சிம்மாசனம் மாதிரிக் கறுப்பாக ஒரு கதிரை. உடம்பு பிடித்துவிடும் கதிரை. பொத்தானை அமத்தினால் முதுகு, தோள், கால் எல்லாவற்றையும் பிசையும். ஏறாத சம்பளம் முழுக்க அதற்குள் ஏறியிருந்தது.

"நிண்டு நிண்டு வேலை செய்யிற கால் அக்கா" என்றார் அவர், குற்றம் செய்தவர்போல.

யோசப்பின்தான் முதலில் போய் இருந்தார். பொத்தான் அமத்தி ஒரு நிமிடத்துக்குள் கடைசிப் பிள்ளை மடியில் இருக்கத்தக்கதாகவே குறட்டை விட்டார். நாலு பிள்ளைகள் பிறந்த பிறகு அவர் பகலில் நித்திரை கொண்டது அன்றுதானாம். அவரை எழுப்ப ஒருவருக்கும் மனம் வரவில்லை. அவரைச் சுற்றி நிலத்தில் இருந்து கருவாட்டுக் குழம்பும் சோறும் தின்றோம்.

அடுத்த கூட்டத்தில் எட்டுச் சதத்தை வைத்திருப்பதா, பழைய நூற்றுக்கு ஒன்றுக்குத் திரும்புவதா என்று பேச்சு வந்தது. முடிவாகவில்லை, இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். பேணி அதே இடத்தில் இருக்கிறது. நேர்த்திக் கொப்பியும் இருக்கிறது, கற்பூரமும் தேங்காயும்தான் பதிகிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு கதவு திறந்து வைப்பது மட்டும் வாக்கெடுப்பில்லாமல் நிலைத்துவிட்டது.

சிஞ்ஞோரா யூலியானா யன்னலின் மற்றப் பாதி துடைக்கப்படும்போது முழுக் கதையும் கேட்டார். ஏமாற்றியவர்களை எப்படிக் கட்ட வைத்தாய் என்பதுதான் ஒரு கணக்காளராக அவருடைய கேள்வி. மலை ஏற வைத்தேன் என்றார் அக்கா. ரோமில் ஏழு குன்றுதான் இருக்கிறது, அது போதாது என்றாராம் சிஞ்ஞோரா.

போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் நானும் அக்காவோடு மாடிப்படி ஏறினேன். பீலிக்ஸ் அண்ணையின் கதவைத் தட்டக் கையை உயர்த்தினார். தட்ட முன்னமே கதவு சுவரில் முட்டும்வரை திறந்தது.

"வாங்கோ அக்கா. தேத்தண்ணி ஊத்திறன், கதிரை சும்மாதான் கிடக்கு" என்றார் பீலிக்ஸ் அண்ணை. "பிள்ளை, நீ அடுத்தது."